பந்தயப் பாடம்

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்களில் பந்தயத்திற்கென்றே தனிப் பாடம் ஒன்று உண்டு. குதிரையோட்டம், ஒட்டகவோட்டம், அம்பெய்தல் ஆகியவற்றில் எது தகும், எது தகாது என்று விரித்துரைக்கும் பாடம் அது. இப்பொருளைத் தனியொரு பாடமாக முதன்முதலில் வகுத்தெழுதியவர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களே என்று அவர்தம் மாணவர் முஸனீ (ரஹ்) அவர்கள் குறித்துள்ளார்கள். இமாமவர்கள் வில்வித்தையில் கைதேர்ந்தவர்களாகவும் விளங்கினார்கள். இத்துணைச் சிறப்புடைய பாடத்தை நாம் 26 ஆண்டுகளாக மாணவர்க்கு ஓதிக் கொடுத்து வருகிறோம். உண்மையைச் சொல்வதானால், ஓதிக் கொடுத்தோம் என்பதைவிடக் கடந்து போனோம் என்பதே பொருந்தும். “ஹஜ்ரத், நம்மிடம் குதிரையும் இல்லை, அம்பும் இல்லையே!” என்று ஆண்டுதோறும் ஒரு மாணவன் சொல்வான். வகுப்பு சிரிக்கும். நாமும் சிரித்துக்கொண்டே ஏட்டைப் புரட்டிவிடுவோம்.

சென்ற ஆண்டு அந்தப் பாடம் நம் வீட்டுப் படியேறி வந்துவிட்டது.

நாம் வசிப்பது கரையான்சாவடியில். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையோடு ஆவடிச் சாலை வந்து கூடும் இடம் அது. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்திற்குப் பெயர். அடுத்துள்ள ஊரும் குமணன்சாவடி. பெயரில் மட்டுமே இளைப்பாறல் எஞ்சியிருக்கிறது. இன்று அங்கே நிற்பார் எவருமிலர். மெட்ரோ இரயிலுக்காக எழுப்பிய தூண்களின் ஓரமாக இரவு பகலாய் ஊர்திகள் விரைந்தவண்ணம் உள்ளன. அந்தச் சாலையோரத்தில் இருசக்கர வண்டிகளைப் பழுது பார்க்கும் கொட்டகை ஒன்றில் நம் தங்கை மகன் வேலை செய்கிறான். வயது 21. அவனுக்குப் பதினொரு வயதாகும்போது தந்தை மாரடைப்பால் மவுத்தாகிவிட்டார். அலிஃப், பே தொடங்கி அவனுக்கு ஓதக் கற்பித்தவர் நாமே. அவனுடைய கைகளோ கிதாபைவிட இயந்திரத்தையே நன்கு அறிந்துகொண்டன.

ஒரு நாள் மாலை தங்கை வந்தாள். இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயப் பயிற்சிக்குச் சேர மகன் பணம் சேர்த்து வைத்திருக்கிறானாம். தாயின் வாயால் ‘சரி’ என்ற சொல் வராமல் போகமாட்டேன் என்கிறானாம். 2023ஆம் ஆண்டில் அதே ஓடுதளத்தில், ஜனவரி மாதம் 59 வயதான அனுபவமிக்க காரோட்டி ஒருவரும், ஆகஸ்டு மாதம் 13 வயதுச் சிறுவர் ஒருவரும் பந்தயத்தின்போது உயிரிழந்தனர். அந்தச் செய்திகளை நாளிதழிலிருந்து கத்தரித்து அவள் முந்தானையில் முடிந்து வந்திருந்தாள்.

“காக்கா, அவன் உங்கள் பேச்சைத் தட்டமாட்டான். மார்க்கத்தில் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் நிம்மதியாகத் தூங்குவேன்” என்றாள்.

சொல்லிவிடுவது எளிது. கற்றோர் பலர் இப்படித்தான் தம் அச்சத்தை மார்க்கத்தின் பெயரால் பிறர் மீது சாற்றிவிடுகின்றனர். ஆனால் ஒரு பொருளைப் பற்றிய தீர்ப்பு அப்பொருளைப் பற்றிய தெளிவிலிருந்து கிளைக்க வேண்டும் என்பது நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் விதி. நாம் பந்தயம் ஒன்றையேனும் கண்ணால் கண்டதில்லை. “முதலில் போய்ப் பார்ப்போம், தங்கச்சி. நீயும் வா. பார்த்துவிட்டு அப்படியே கடற்கரைச் சாலை வழியாகத் திரும்புவோம். நீ கடலைப் பார்த்தும் நாளாகிவிட்டது” என்றோம். கடல் என்றதும் அவள் முகம் சற்றே இளகிற்று. நாங்கள் கீழக்கரையில் பிறந்தவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்ஹு தொழுத கையோடு வாடகைக் கார் ஒன்றில் புறப்பட்டோம். மருமகனே ஓட்டினான். செம்பரம்பாக்கம் ஏரியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்று, பொழுது நன்கு ஏறுமுன் இருங்காட்டுக்கோட்டையை அடைந்தோம். சென்னையின் மோட்டார் பந்தயங்கள் முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்து வந்தன. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த ஓடுதளம் 1990இல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனையும், 2010இல் அவரைத் தொடர்ந்த சென்னை கருண் சந்தோக்கையும் மருமகன் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தான். ஸஹாபாக்களின் வரிசையை நாம் சொல்வது போன்ற பற்றுடன் சொன்னான்.

அங்கே நாம் எதிர்பார்த்தது ஒரு களியாட்டம். கண்டதோ கண்டிப்பு. பந்தயத்திற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் ஆய்வாளர் சோதிக்கிறார். தடை பிடிக்கிறதா, எண்ணெய் கசிகிறதா, தலைக்கவசம் தகுதியானதா, தோலாடை கிழியாதிருக்கிறதா என்று ஒன்று விடாமல் பார்க்கின்றனர். வளைவுதோறும் கொடியேந்திய காவலர்கள் நிற்கின்றனர். மருத்துவ ஊர்தி முடுக்கிய இயந்திரத்துடன் காத்திருக்கிறது. கொடிகளின் பொருளை மருமகன் விளக்கினான். கட்டமிட்ட கொடி முடிவுக்கு, சிவப்பு பந்தயத்தை நிறுத்துவதற்கு, நீலம் பின்னால் வரும் விரைவான வண்டிக்கு வழிவிடுவதற்கு. மஞ்சள் கொடி முன்னே ஆபத்து என்பதைக் காட்டும். அதைக் கண்டால் எவரும் எவரையும் முந்தலாகாது.

“வண்டிகளில் பக்கக் கண்ணாடியைக் காணோமே?” என்று கேட்டோம்.

“பந்தய வண்டியில் அதைக் கழற்றிவிட வேண்டும், மாமா. பின்னால் பார்ப்பது கொடிக்காரர் வேலை” என்றான். சொல்லிவிட்டு ஏனோ வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

புதியவர்களுக்கான பந்தயம் தொடங்கிற்று. தங்கை காதுகளைப் பொத்திக்கொண்டாள். மூன்றாம் சுற்றில் ஒரு வளைவில் வண்டியொன்று சறுக்கிப் புல்வெளியில் உருண்டது. அவள் நம் கையைப் பற்றிய பற்று நெடுநேரம் வலித்தது. அடுத்த நொடியே மஞ்சள் கொடி அசைந்தது. அத்தனை வெறியோடு ஓடிய வண்டிகள் அந்த இடத்தில் வரிசை குலையாமல், ஒன்றையொன்று முந்தாமல் கடந்து சென்றன. விழுந்த பிள்ளையிடம் காவலர் ஓடினர். அவன் எழுந்து நொண்டியபடி கையசைத்தான்.

அப்போதுதான் நாம் கடந்து போன பாடத்தின் வரிகள் ஒவ்வொன்றாக நினைவில் எழுந்தன. பந்தயத்தின் தொடக்கமும் முடிவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஓடுபவை இன்னவையெனக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எவரும் வெல்லக்கூடிய ஒப்புமை அவற்றிடையே இருக்க வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்றுவித்த குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை, அதாவது ஐந்தாறு மைல் ஓடச் செய்தார்கள். பயிற்சி பெறாதவற்றிற்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் அளவே வைத்தார்கள். அதில் கலந்து ஓட்டியவர்களுள் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஒருவர். பயிற்சியின் அளவே ஓட்டத்தின் எல்லை! புதியவர்க்கெனத் தனிப் பந்தயம் வைத்திருந்த அந்த ஓடுதளத்தில் நின்றபோதுதான் அந்த நபிமொழியின் நுட்பம் நமக்கு விளங்கிற்று.

பந்தயக் குதிரைகள் வந்து சேரும் வரிசைக்கு அரபு மொழியில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. முதலாவது முஜல்லீ. முதற்குதிரையின் இடுப்பையொட்டித் தலை நீட்டி வரும் இரண்டாவது முஸல்லீ. தொழுபவரைக் குறிக்கும் சொல்லும் அதுவே. எல்லாவற்றிற்கும் கடைசியாக வருவது ஸுகைத். அன்று விழுந்து எழுந்த பிள்ளை மீண்டும் வண்டியேறித் தன்னந்தனியே கடைசியாக வந்து கோட்டைத் தொட்டான். வென்றவனுக்குத் தட்டாத தங்கை அவனுக்குக் கை தட்டினாள். நாம் அதைக் கண்டும் காணாதவராய் இருந்துகொண்டோம்.

திரும்புகையில் மருமகனிடம் ஒன்று கேட்டோம். “பரிசு யார் கொடுக்கிறார்கள்?”

“கம்பெனிகள் கொடுக்கின்றன, மாமா. ஓட்டுபவர்கள் பந்தயம் கட்டுவதில்லை.”

“அதுதான் முக்கியம். ஓட்டுபவர் எல்லாரும் ஆளுக்கொரு தொகை வைத்து வென்றவன் அள்ளிக்கொண்டால் அது சூது. ஓடாத ஒருவர் பரிசு கொடுத்தால் செய்தி வேறு. அங்கும் மோட்டார் வண்டியைக் குதிரையின் இடத்தில் வைக்கலாமா என்பதில் அறிஞரிடையே பேச்சுண்டு.”

அவன் மறுமொழி சொல்லவில்லை. வண்டியின் வேகம் மட்டும் சற்றுக் குறைந்தது.

ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் நடுவே சிங்கப்பெருமாள்கோவில் சென்று, செங்கற்பட்டில் கொளவாய் ஏரியைப் பார்த்தபடி நின்று, லுஹர் தொழுதோம். பிறகு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்தை அடைந்தோம். 1984இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்ந்த கற்கோயில்களைக் காணத் திரள் திரளாக மக்கள் வந்திருந்தனர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்கு முன் கடல் உள்வாங்கியபோது, மணலுக்கடியில் கிடந்த பழங்கற்கள் இக்கரையில் வெளிப்பட்டதை அறிந்திருப்பீர்கள். பின்வாங்கும் கடல் மறைத்து வைத்தவற்றையும் காட்டிவிடுகிறது.

தங்கை கணுக்கால் நனைய நின்றாள். மன்னார் வளைகுடாவின் அமைதியான நீரில் விளையாடி வளர்ந்தவள் அவள். “இது நம்மூர்க் கடல் இல்லை, காக்கா. நம்மூர்க் கடல் பேசும். இது அதட்டுகிறது” என்றாள்.

அங்கிருந்து வடக்கே திரும்பினோம். மீனவர் ஊர்களைத் தொட்டுச் சென்ற சிறு சாலைகளை அகலப்படுத்தி இணைத்துச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலை 1998இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பும் கடலும், மறுபக்கம் கழியும் உப்பங்காற்றுமாக அழகிய சாலை. அழகே அதற்குக் கேடாகவும் அமைந்தது. நேரான சாலையையும் கடற்காற்றையும் கண்ட இளைஞர் சிலர் இரவில் அதைப் பந்தயக் களமாக்கிக்கொண்டனர்.

அஸருக்குக் கோவளத்தில் நின்றோம். ஸஹாபியான தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பிவரும் தர்கா அங்கே உள்ளது. ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் காலத்தில் இவ்வூர் ஸஆதத் பந்தர் என்னும் துறைமுகமாக விளங்கிற்று. அங்கிருந்த கோட்டையை 1752இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் கைப்பற்றினார். தொழுதுவிட்டு மணலில் அமர்ந்தோம். தூய கடற்கரைகளுக்கு வழங்கும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கரை அது. மீனவப் பிள்ளைகள் பலகை மீதேறி அலைமேல் சறுக்கிக் கொண்டிருந்தனர். ஒரு பையன் பலகையைக் கக்கத்தில் இடுக்கியபடி நெடுநேரம் நீரையே பார்த்துக்கொண்டு நின்றான். “ஏன் தம்பி, இறங்கவில்லையா?” என்றோம். “இழுப்பு எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன், பாய். பார்க்காமல் இறங்கினால் அப்பா பலகையை உடைத்துப் போடுவார்” என்றான். மருமகன் அந்தப் பையனை வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

கோவளம் தாண்டி முட்டுக்காட்டுப் பாலத்தை நெருங்கியபோது மருமகன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். இறங்கவில்லை. சுக்கானை இரு கைகளாலும் பிடித்தபடி முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

“மாமா, போன வருடம் நான்கு பேர் இந்த ரோட்டில் ராத்திரி ரேஸ் வைத்தோம். கோவளத்திலிருந்து இந்தப் பாலம் வரை. ஆளுக்கு 2,000 ரூபாய். நான்தான் முதலில். எனக்குப் பின்னாலேயே அவன். கண்ணாடியில் அவனுடைய லைட் தெரிந்துகொண்டே வந்தது. திடீரென்று காணவில்லை.”

தங்கை மூச்சை அடக்கிக்கொண்டது நமக்குக் கேட்டது.

“நின்றிருக்க வேண்டும், மாமா. நிற்கவில்லை. பாலத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.”

அவனுடன் வேலை செய்த தோழன் விபத்தில் இறந்த செய்தி எங்களுக்குத் தெரியும். ஜனாஸாவில் நாமும் கலந்துகொண்டோம். இவன் உடனிருந்தான் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பது அரசின் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வெண்ணை நாம் வெள்ளிமேடையில் சொல்லியிருக்கிறோம். எண்ணுக்குப் பின்னே இப்படியோர் அணைந்த விளக்கு உண்டென்பதை அன்றுதான் அறிந்தோம்.

“அன்றோடு ரோட்டில் வேகத்தை விட்டுவிட்டேன். வண்டியை விட முடியவில்லை. அங்கே விழுந்தால் மஞ்சள் கொடி காட்ட ஆள் இருக்கிறது. இங்கே அவனுக்கு யார் காட்டினார்கள்? அதனால்தான் அங்கே போகிறேன் என்கிறேன். அந்தப் பணம் 8,000 ரூபாய் அப்படியே டப்பாவில் இருக்கிறது, மாமா. தொடவில்லை. என்ன செய்வது?”

அவன் இத்தனை மாதமும் நம்மிடம் கேட்கத் துடித்த பத்வா அதுதான். ஓடுதளத்தைப் பற்றியே நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். விடை நம் பாடத்திலேயே இருந்தது. “உன் 2,000 போக, மீதியை உரியவர்களிடம் கொடு. சூதில் வந்தது உனக்கு உடைமையாகாது. மவுத்தானவனுடைய பங்கு அவன் வாரிசுகளுக்குச் சேர வேண்டும். நீயே நேரில் போய்க் கொடுக்க வேண்டும். நாமும் வருகிறோம்.”

அவன் தலையசைத்தான். தங்கை பின்னிருக்கையிலிருந்து கைநீட்டி அவன் பிடரியில் வைத்தாள். வைத்த கையை அடையாறு வரை எடுக்கவில்லை.

கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்து மதிலோரம் செல்கையில் மஃரிபு நேரம் நெருங்கிவிட்டது. 1777இலிருந்து குதிரைகள் ஓடிய களம் அது. தமிழக அரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், அது அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டமன்று, திறனைச் சார்ந்தது என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை முடித்து 160 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியதும் நாடறிந்தவை. திறனா அதிர்ஷ்டமா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. யாருடைய பொருள், யார் கைக்கு, எந்த உரிமையால் செல்கிறது என்பது நம் பாடத்தின் கேள்வி. அன்று காரினுள் எங்கள் மூவர்க்கும் பின்னதே பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் ஆவடிப் பக்கத்திலுள்ள அந்த வீட்டிற்குச் சென்றோம். மருமகன் பணத்தை வைத்துவிட்டு, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அந்தத் தாய் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அவன் உன் பின்னால்தான் வந்தானா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாம், மாமி” என்றான். அவர் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் முழுவதையும் குடித்தான்.

தங்கை மறுநாள் நம்மிடம் வந்தாள். மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்று இம்முறை அவள் கேட்கவில்லை. நாமே சொன்னோம்: “சாலையில் பந்தயம் கூடாது. அதில் இரண்டு பேச்சில்லை. ஓடுதளத்தில் அபாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். நீ கத்தரித்து வைத்த செய்திகள் பொய்யல்ல. ஆனால் அவன் எல்லையைத் தேடிப் போகிறான். அதைத் தடுக்க நம்மிடம் ஆதாரம் இல்லை. ‘சரி’ என்பதும் மறுப்பதும் உன் உரிமை.”

அவள் சற்றுநேரம் தூணைப் பார்த்தபடி இருந்தாள். “போகட்டும். ஆனால் படிவத்தில் ஏதாவது நடந்தால் யாருக்குச் சொல்வது என்று கேட்டிருக்கிறார்களாம். அதில் என் பெயர் வேண்டாம், காக்கா. உங்கள் நம்பரைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்” என்றாள்.

வகுப்பறையில் அலைபேசி ஒலிக்கலாகாது என்பது நம் மத்ரஸாவில் நாமே வகுத்த விதி. மருமகன் ஓடுதளத்திற்குச் செல்லும் ஞாயிறுகளில் மாணவரிடம் முன்னரே இசைவு பெற்று அதை அணைக்காமல் ஏட்டருகே வைத்துக்கொள்கிறோம். இவ்வாண்டு பந்தயப் பாடத்தை நாம் கடந்து போகவில்லை. நான்கு நாட்கள் நடத்தினோம். குதிரையில்லையே என்று எந்த மாணவனும் சிரிக்கவில்லை.